நாற்பது வீட்டுக்கு மூன்று கார்

வீரணன் முதன்முதலாக ஒருவனை எலும்பு முறிய அடித்தபோது அவனுக்குப் பதினேழு வயது. திருவாதவூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் அவனுடைய அப்பா அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கூலி வாங்குகிறவர். மடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்று வயல்காரரின் காரியஸ்தன் ஒரு நாள் அவரைச் செருப்பால் அடித்தான். பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த வீரணன் வரப்பில் கிடந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தான். காம்பால் காரியஸ்தனின் முழங்காலில் போட்டான். இரண்டாவது அடியில் கால் ஒடிந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வந்து வீட்டுக் கூரையைப் பிரித்து எறிந்தார்கள். அப்பாவின் முன்பற்கள் போயின. வீரணன் அதற்குள் கண்மாய்க்கரை வழியாக ஓடி மேலூர் ரோட்டில் ஒரு லாரியைப் பிடித்திருந்தான். அந்த லாரியிலேயே கிளீனராக ஒட்டிக்கொண்டான். அப்பாவை அதற்குப் பிறகு அவன் பார்த்தது அவருடைய சாவுக்குப் போனபோதுதான்.

லாரியில் இருந்தபடியே வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, மதுரைக்கு வந்து சேர்ந்தான். ராமக்காளைக் கட்டிக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். ரயிலடிப் பக்கம் ஒரு வாடகைக் கார் ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவர் வேலை கிடைத்தது. யாராவது டிரைவர் வராத நாளில் அவன் வண்டியை இவன் எடுக்க வேண்டும். மற்ற நாளில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில், வெளியூர் கார்க்காரன் ஒருவன் ஸ்டாண்டு வாசலிலேயே ஆள் ஏற்றினான். வீரணன் எழுந்து போய் அவனை ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்துப் போட்டு மிதித்தான். அடிக்கும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஸ்டாண்டின் தலைவர் பேயாண்டி அதை டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் வண்டி ஓட்ட அவனைக் கூப்பிட்ட நாட்களைவிட ஆளை அடிக்கக் கூப்பிட்ட நாட்கள்தான் அதிகம். வரிசையை மீறியவன், கமிஷன் கொடுக்காமல் லாட்ஜில் ஆள் பிடித்தவன், தலைவரை எதிர்த்துப் பேசியவன் என்று பலர் அவன் கையில் வாங்கியிருக்கிறார்கள். ஒருவனுக்குக் காது கேட்காமல் போனது. வீரணனுக்கு அதில் சந்தோஷமும் இல்லை, கூச்சமும் இல்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். சொந்தமாக ஒரு அம்பாசிடர் வாங்கி அந்த வரிசையில் நிறுத்த வேண்டும். வரிசையில் இடம் கொடுப்பது பேயாண்டியின் கையில் இருந்தது. அடுத்த தையில் பார்ப்போம் என்று அவரும் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2002ஆம் வருடம் பந்தடித் தெருக்கள் பக்கமிருந்து வருகிற சவாரி குறைந்தது. அங்கே சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கமாக இருந்தன. ஜவுளிக் கடைக்காரர்கள், சாயப்பட்டறைக்காரர்கள், வாத்தியார்கள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ஸ்டாண்டில் கார் பிடிக்கிறவர்கள். என்னவென்று விசாரித்தபோது பாலகணேஷ் என்ற பெயர் வந்தது.

பாலகணேஷுக்கு முப்பது வயது இருக்கும். பெங்களூரில் சில காலம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, வேலை போய் ஊர் திரும்பியவன். ஒரு வீட்டுக்காரர் கார் வாங்கினால் மாதத்தில் பாதி நாள் அது சும்மாதான் நிற்கிறது, அதற்கு எதற்கு ஆளுக்கொரு கார் என்பது அவன் யோசனை. நாற்பது வீடுகளைச் சேர்த்தான். மாதாமாதம் சந்தா. ஒரு மாருதி, ஒரு ஆம்னி வேன், ஒரு பழைய அம்பாசிடர். போன் செய்து நேரம் சொல்லிவிட்டு வந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம். ஓட்டத் தெரிந்தவர்கள் தாங்களே ஓட்டிப் போகலாம், தெரியாதவர்களுக்கு டிரைவர் உண்டு. ஓடின தூரத்துக்குத் தனியாகக் காசு.

ஸ்டாண்டுக்காரர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அவர்கள் பர்மிட் எடுத்து, வரி கட்டி, டாக்சி போர்டு மாட்டி ஓட்டுகிறவர்கள். பாலகணேஷின் மூன்று வண்டிகளும் சொந்த உபயோகத்துக்கென்று பதிவானவை. டிரைவர்கள் அதை ஓன் போர்டு என்பார்கள். வாடகைக்கு விட்டால் குற்றம். இது வாடகை இல்லை, உறுப்பினர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே எடுக்கிறார்கள் என்று பாலகணேஷ் சொன்னான். பேயாண்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனுவும் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாளில், திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் முடிந்து திரும்பிய ஆம்னி வேனைக் கோவில் தெரு முனையில் மறித்தார்கள். பேயாண்டியின் மச்சினன் மருது வீல் ஸ்பேனரால் முன்கண்ணாடியை உடைத்தான். வீரணன் டிரைவரை இறக்கி, இரண்டு கையையும் பின்னால் முறுக்கி ரோட்டில் குப்புறத் தள்ளினான். உள்ளே பட்டுப்புடவைகளும் தாம்பாளத் தட்டுகளுமாகப் பெண்கள் அலறினார்கள். கண்ணாடிச் சில்லு தெறித்து ஒரு கிழவரின் நெற்றியிலிருந்து ரத்தம் வேட்டியில் வடிந்தது. அவர் வீரணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு பாலகணேஷ் கடையைக் கட்டிவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கட்டவில்லை. மறுவாரமே புதுக் கண்ணாடி போட்டு வேன் ஓடியது. அதற்கும் மேலாக, கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் ஆள் சேர்க்கப் போகிறான், பாங்கில் கடன் கேட்டிருக்கிறான் என்று செய்தி வந்தது. பேயாண்டி வீரணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அவன் டிரைவர் ஓடிட்டான். புது ஆள் தேடுறான். நீ போய்ச் சேரு. அந்தத் தொழில் எப்படி நடக்குது, எதுல நிக்குதுன்னு உள்ள இருந்து பாத்துட்டு வா. சும்மா கண்ணாடிய ஒடைச்சிட்டுத் திரியிறதுல பிரயோசனம் இல்ல. எங்க அடிச்சா விழும்னு எனக்குத் தெரியணும்.”

“அவுங்க என்னையப் பாத்திருக்காங்கண்ணே.”

“வேன்ல இருந்த பொம்பளைக பாத்தாளுக. அவன் பாக்கலைல. மீசைய எடுத்துட்டுப் போ.”

தையில் வரிசையில் இடம் நிச்சயம் என்றும் சொன்னார்.

பந்தடித் தெருவில் முன்பு நூல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த ஓர் அறைதான் பாலகணேஷின் ஆபீஸ். சுவரில் ஒரு பலகை, அதில் ஆணிகள், ஆணிகளில் சாவிகள். பக்கத்தில் யார் எப்போது எந்த வண்டியை எடுக்கிறார்கள் என்று சாக்பீஸில் எழுதிய கரும்பலகை. ஒரு மேசை, ஒரு போன். போனுக்கு முன்னால் பாலகணேஷின் அக்கா ஹம்சவேணி உட்கார்ந்திருந்தாள். புருஷன் இல்லாதவள். நாற்பதை நெருங்கிய வயது. வீரணனிடம் கேள்வி கேட்டது அவள்தான். எங்கே ஓட்டினாய், ஏன் விட்டாய், குடிப்பாயா. கடைசியில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். ரோட்டில் யார் வம்புக்கு வந்தாலும் கை நீட்டக் கூடாது.

சேர்ந்த சில நாளிலேயே அவன் அதை மீறினான். அழகர்கோவில் ரோட்டில் ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனபோது, மணல் லாரி ஒன்று உரசி மாருதியின் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டது. லாரி டிரைவர் இறங்கி வந்து கெட்ட வார்த்தை பேசினான். வீரணன் அவன் தலையைப் பிடித்து லாரிக் கதவில் மோதினான். ஒருமுறை அல்ல. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டிய பிறகும் விடவில்லை. காருக்குள்ளிருந்து குழந்தை வீரிட்டதைக் கேட்டபிறகுதான் நிறுத்தினான். கோவில் போகாமலேயே அந்தக் குடும்பம் திரும்பிவிட்டது.

ஹம்சவேணி கத்தவில்லை. உட்காரச் சொன்னாள்.

“தம்பி, நீங்க அடிச்சது லாரிக்காரன மட்டும் இல்ல. அந்தப் புள்ள இனிமே கார்ல ஏறப் பயப்படும். அவுக அப்பா அடுத்த மாசம் சந்தா கட்டமாட்டாரு. இங்க நாப்பது வீடும் ஒரே தெருப்பேச்சுல ஓடுது. அது கெட்டுப்போச்சுன்னா எனக்கு விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தான். அனுப்பவில்லை. அடித்தவனை யாராவது உட்கார வைத்துப் பேசியது அவனுக்கு அதுதான் முதல்முறை. அதன்பின் அங்கே இருந்த வரைக்கும் அவன் கை நீட்டவில்லை. ஒருமுறை தெற்குவாசலில் ஆட்டோக்காரன் ஒருவன் சட்டையைப் பிடித்தபோதுகூட ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பேயாண்டி சொன்ன வேலையையும் விடவில்லை. மீசையில்லாத முகத்தை அங்கே யாரும் அடையாளம் காணவில்லை. வண்டி துடைத்துக்கொண்டே, சவாரிக்குக் காத்திருந்துகொண்டே எல்லாவற்றையும் கவனித்தான். காரை எடுத்துப் போகிறவர்கள் எவரும் தன் காரைப் போல ஓட்டுவதில்லை. பெட்ரோலை வற்றவிட்டு வந்து நிறுத்துவார்கள். ஒரு வாத்தியார் பம்பரை நசுக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் சாவியை மாட்டிவிட்டுப் போனார். ஹம்சவேணி அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவருடைய மாமியாருக்குப் போன் போட்டு, தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். சாயங்காலமே வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு வந்து பணத்தைக் கட்டினார். சண்டையாக வெடிக்க வேண்டிய எத்தனையோ விஷயங்கள் அந்த மேசையில் இப்படித் தீர்ந்தன. முகூர்த்த நாளில் பத்து வீட்டுக்காரர்கள் மூன்று காருக்கு அடித்துக்கொள்ளும்போது, யாருக்கு இல்லை என்று சொல்லவும் சொன்னபிறகு அவர்களைச் சமாதானப்படுத்தவும் அவளால் முடிந்தது. பாலகணேஷால் முடியவில்லை. அவன் கோடு போட்டுக் கணக்கெழுதிய தாள்களைக் கடனுக்காகப் பாங்குக்கு எடுத்துப் போவதும் வருவதுமாக இருந்தான்.

வரிசையில் இடம் கிடைக்காமலேயே தை போனது. பங்குனியில் பேயாண்டி கூப்பிட்டனுப்பினார். ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜில் ஓர் அறை. மருதுவும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். வீரணன் தான் பார்த்ததைச் சொன்னான். முகூர்த்த நாளில் அவர்களால் எல்லாருக்கும் கொடுக்க முடியாது, மிச்ச சவாரி நமக்குத்தான் வரும் என்றான். நம்மை விட்டுப் போனது ஆஸ்பத்திரி, டியூஷன் மாதிரிச் சின்னச் சவாரிதான் என்றான். கே.கே. நகருக்குப் போனாலும் எடுபடாது, அங்கே ஒருத்தரையொருத்தர் தெரியாது, வெட்கப்பட ஆள் இல்லாத இடத்தில் வண்டியை நாசமாக்கிவிடுவார்கள் என்றான். விட்டுவிடலாம் என்பதுதான் அவன் முடிவு.

பேயாண்டி நம்பவில்லை. உனக்கு அங்கே சோறு ருசித்துவிட்டதோ என்று கேட்டார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, விடுவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார்.

“அது எதுல நிக்குது?”

வீரணன் யோசிக்கவேயில்லை. இத்தனை நாளும் பார்த்துப் பார்த்து மனதில் சேர்த்து வைத்திருந்த பதில், தானாக வாயில் வந்தது. சொல்கிறபோது அவனுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

“தம்பிக்காரன் கையில ஒண்ணுமில்லண்ணே. எல்லாம் அந்தக்காதான். அந்தக்கா இல்லேன்னா ரெண்டு வாரத்துல படுத்துரும்.”

பேயாண்டி தலையை ஆட்டினார். மருது தீப்பெட்டியை மேசையில் தட்டிக்கொண்டிருந்தான். போய்ட்டு வா என்றார்கள், வந்தான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, பந்தடித் தெரு முனை டீக்கடையில் ஸ்டாண்டு அம்பாசிடர் ஒன்று நிற்பதைப் பார்த்தான். கதவுகள் திறந்து கிடந்தன, உள்ளே யாரும் இல்லை. டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வெளியே வந்து தெருவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீரணனுக்கு முந்தின நாள் தன் வாயால் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஓடினான்.

அறைக்குள் மருது நின்றான். மற்ற இருவரும் வாசலில். சாவிப் பலகை சுவரோடு பெயர்ந்து விழுந்து சாவிகள் தரையெங்கும் சிதறிக் கிடந்தன. ஹம்சவேணி மேசைக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கியிருந்தாள். தலையில் விழ இருந்த ஸ்பேனரைத் தடுக்கத் தூக்கிய வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாகத் தொங்கியது. மருது இரண்டாவது அடிக்கு ஓங்கினான். வீரணன் வாசலில் நின்றவனைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்து மருதுவின் தலைமயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தான். மருதுவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

“என்ன மாப்ள, நீதான சொன்ன. இவ இல்லேன்னா படுத்துரும்னு நீதான சொன்ன.”

ஹம்சவேணியின் காதில் அது விழுந்தது. வீரணன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் வாசலில் நின்ற இருவரில் ஒருவன் அரிவாளை வீசினான். கழுத்துக்கு வந்ததை இடது கையால் பிடித்தான். இரண்டு விரல்கள் அறுந்து சாக்கடைப் பக்கம் விழுந்தன. வலி உடனே தெரியவில்லை. தெருவில் நின்ற மாருதியின் டிக்கி திறந்திருந்தது. ஜாக்கி ராடை எடுத்தான்.

அரிவாள்காரன் ஓடிவிட்டான். கூட வந்தவனும் ஓடினான். மருது மட்டும் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தான். வீரணன் போட்ட முதல் அடி தோளில் பட்டு ஸ்பேனர் கீழே விழுந்தது. இரண்டாவது அடியில் மருது சரிந்து முழங்கால் போட்டான். அதோடு முடிந்திருக்க வேண்டியது. கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி மருது ஒரு கையைத் தூக்கினான். வீரணன் மூன்றாவது அடியைத் தலையில் போட்டான். நான்காவதும் போட்டான். தெருவே மாடிகளில் நின்று பார்த்தது. 

போலீஸ் வரும்வரை சாக்கடைத் திண்டில் உட்கார்ந்திருந்தான். வெட்டுப்பட்ட கையில் யாரோ ஒரு சுங்குடித் துணியைக் கட்டினார்கள். ஹம்சவேணியை ஆம்னி வேனில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேனை ஓட்டியது பம்பரை நசுக்கிய வாத்தியார்.

மருது மூன்றாம் நாள் செத்துப்போனான். பேயாண்டி மேல் வழக்கு நிற்கவில்லை. லாட்ஜ் அறையில் பேசியதைச் சொல்ல வீரணனைத் தவிர வேறு யாரும் முன்வரவில்லை. வீரணன் சொன்னான். கொலைகாரன் தப்பிக்கச் சொல்கிற கதை என்று அதைத் தள்ளிவிட்டார்கள். ஹம்சவேணி சாட்சிக் கூண்டில் ஏறினாள். கை ஒட்டியிருந்தது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. தான் கேட்டதையும் பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தன்னைக் காட்டிக்கொடுத்தது வீரணன் என்பதை மருது வாயாலேயே கேட்டதைச் சொன்னாள். அவன் வராவிட்டால் தான் செத்திருப்பேன் என்றாள். கும்பிட்ட ஆளின் தலையில் அடித்ததையும் சொன்னாள். வீரணனுக்கு ஏழு வருடம் தண்டனை கிடைத்தது.

தீர்ப்பு வந்த வாரமே ராமக்காள் பந்தடித் தெருவுக்குப் போய் அந்த அறை வாசலில் நின்றாள். அழவில்லை. என் புருஷன் ஜெயிலுக்குப் போனது உங்க வாசலில் வைத்துத்தான், எனக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்டாள். பாலகணேஷ் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வந்தான். ஹம்சவேணி தடுத்தாள். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். எட்டாவது வரை படித்திருக்கிறேன் என்றாள் ராமக்காள். கரும்பலகையில் எழுதும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஹம்சவேணியின் வலது கையால் சாக்பீஸ் பிடிக்க முடியாது. ஒரு வருடத்துக்கு இரண்டு பேரும் வேலையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ராமக்காள் முதல்முறை அரசரடி ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க வந்தபோது, கம்பிக்குள் கையை விட்டு வீரணனின் முகத்தில் அறைந்தாள். அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் வந்தாள். வந்தால் அந்தத் தொழிலைப் பற்றித்தான் பேசுவாள். கே.கே. நகரில் ஆரம்பித்து ஆறே மாதத்தில் ஊற்றி மூடியதை அவள் சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான். ஒரு காரை யாரோ வைகைக் கரையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்களாம். பந்தடித் தெருவில் மட்டும் தொடர்ந்து ஓடியது. பேயாண்டியின் ஆட்கள் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை.

ஆனாலும் அது நிலைக்கவில்லை. தெருத் தெருவாக பாங்குக்காரர்கள் கார் லோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். வாத்தியார் ஒரு இண்டிகா வாங்கினார். அடுத்த வீட்டுக்காரர் சாண்ட்ரோ வாங்கினார். அவர்கள் தெருவில் கார் நிறுத்தும் இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவர் தலையில் நான்கு தையல் விழுந்தது. 2006இல் சந்தா கட்டுகிற வீடுகள் பத்துக்கும் கீழே வந்தபோது ஹம்சவேணியே மூடிவிடலாம் என்றாள். பாலகணேஷ் திரும்பவும் பெங்களூர் போனான். ஹம்சவேணி அதே அறையில் சேலை மொத்த வியாபாரம் தொடங்கினாள். ராமக்காள் அங்கேயே இருந்தாள்.

நன்னடத்தைக் கழிவு போக, வீரணன் 2008 கடைசியில் வெளியே வந்தான். மூன்று விரல் கையைப் பார்த்து யாரும் வண்டி கொடுக்கவில்லை. மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். பந்தடித் தெருப் பக்கம் போகவில்லை. ராமக்காளும் கூப்பிடவில்லை. ஒரு நாள் அவளே வந்து, அக்கா உன்னை வரச் சொன்னது என்றாள்.

அறையில் இப்போது சேலைக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஹம்சவேணிக்கு முடி நரைத்திருந்தது. உட்காரச் சொன்னாள்.

“அன்னைக்கு அந்த லாட்ஜுல நீங்க என்ன சொன்னீங்க? மருது சொன்னத மட்டுந்தான் நான் கேட்டேன். மொத்தமும் எனக்குத் தெரியணும்.”

வீரணன் மொத்தமும் சொன்னான். முகூர்த்த நாள் கணக்கு, கே.கே. நகர், வெட்கப்பட ஆள் இல்லாத இடம், கடைசியாக அவளைப் பற்றிச் சொன்னது. எதையும் மாற்றவில்லை. அவள் மடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“எல்லாம் சரியாத்தான் சொல்லிருக்கீங்க” என்றாள். “எந்தம்பிகிட்ட நானும் இதையேதான் சொன்னேன். ஒரே ஆள நம்பி நடத்தாதன்னு. அவன் கேக்கல. நீங்க எங்கிட்ட வந்து சொல்லிருந்தா ஒங்களயே பங்குக்குச் சேத்திருப்பேன். நீங்க போய் பேயாண்டிகிட்ட சொன்னீங்க.”

 தப்புத்தான்க்கா என்று வீரணன் வாய்க்குள் சொன்னான்.  வெளியில் ஒரு லோடு வண்டி வந்து ஹாரன் அடித்தது. ராமக்காள் எழுந்து சரக்கு இறக்கப் போனாள். வீரணனும் எழுந்தான். உதவட்டுமா என்று கேட்க நினைத்தான்.

“நீங்க வேணாம்” என்றாள் ஹம்சவேணி. “இந்தத் தெருவுல இன்னும் ஒங்களப் பாத்தா கதவச் சாத்துறவுக இருக்காக.”

அவன் தெருவில் இறங்கி நடந்தான். எதிரும் புதிருமாக நின்ற கார்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவன் நிற்காமல் கீழவாசல் பக்கம் திரும்பி, மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடித்தான். மத்தியான லோடு வருகிற நேரம் ஆகியிருந்தது.